பதிவேட்டில் ஏறாத கணக்கு

1951-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 36 கோடியே 11 இலட்சம் மக்கள் வாழ்ந்து வந்தனர். மறு ஆண்டே குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத்தின் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட முதல் நாடு என்னும் பெயர் நமக்குக் கிட்டியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 65 இலட்ச ரூபாய்தான். அவ்வளவு பெரிய தேசத்திற்கு இது மிகச் சிறிய தொகையே. எனினும், தம்பதிகளின் அந்தரங்கத்தைச் சார்ந்த ஒரு விஷயத்தில் அரசாங்கம் கால் வைப்பது அதுவரை உலகில் எங்கும் காணாத புதுமை.

அந்நாளைய நிலைமையை நினைவில் கொள்ள வேண்டும். 1941-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40 பிறப்புகளும் 27 இறப்புகளும் நிகழ்ந்தன. பின்னர் மலேரியாவும் அம்மையும் பின்வாங்கின; இறப்பு விகிதம் விரைந்து சரிந்தது. பிறப்பு விகிதமோ நின்ற இடத்திலேயே நின்றது. அதன் விளைவாக 1961-இல் ஜனத்தொகை 43.9 கோடியாகவும், 1971-இல் 54.8 கோடியாகவும் உயர்ந்தது. மக்கள் அதிகமாகப் பெற்றதால் அன்று, குறைவாக இறந்ததால் வந்த பெருக்கம் இது. வகுப்பில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இந்த வேறுபாட்டை முதலில் விளக்கிவிட்டால் பின்னர் வரும் குழப்பங்கள் பல நீங்கும்.

எழுபது ஆண்டு வரலாற்றை முழுவதும் சொல்ல இங்கே இடமில்லை. கிராமத்தில் பதிவேட்டைக் கையில் ஏந்திச் சென்ற ஊழியர் எதை எண்ணும்படி பணிக்கப்பட்டார், எது எண்ணப்படாமலே போயிற்று என்ற ஒன்றை மட்டும் இங்கே கவனிப்போம். திட்டத்தின் வெற்றி தோல்விகளில் பெரும்பகுதி இந்த ஒரு வினாவில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மணிமாலையும் மாத்திரையும்

தொடக்க காலத்துச் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியடிகளின் வழி நின்றவர். செயற்கைச் சாதனங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே, மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களைத் தவிர்க்கும் முறையைப் பரீட்சித்துப் பார்க்க உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவி நாடப்பட்டது. டாக்டர் ஏப்ரகாம் ஸ்டோன் என்னும் அமெரிக்க நிபுணர் வந்தார். மைசூர் இராஜ்யத்தைச் சேர்ந்த ராமநகரத்திலும், டில்லி லோதி காலனியிலும் பரீட்சை தொடங்கிற்று. எழுத்தறியாப் பெண்களால் நாட்காட்டியைப் பார்த்துக் கணக்கிட இயலாது என்பதால், நிறம் வேறுபட்ட மணிகள் கோத்த மாலைகள் தரப்பட்டன. நாளுக்கொரு மணியாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

மாலைகள் விநியோகிக்கப்பட்டன. ஆனால் பெண்களின் உடல் மணிக்கணக்குக்கு அடங்கி நடக்கவில்லை. குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்குச் சுழற்சி ஒழுங்காக வருவதில்லை. அப்படியே வந்தாலும், இன்ன நாளில் விலகியிரு என்று கணவனிடம் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்ததா என்பதை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. ஆர்வத்துடன் தொடங்கியவர்களுள் மிகச் சிலரே நீடித்துப் பின்பற்றினர்.

இதனினும் படிப்பினை மிகுந்தது பஞ்சாபில் லூதியானாவுக்கு அருகே கன்னா என்ற ஊரைச் சூழ்ந்த கிராமங்களில் ஐம்பதுகளில் நடைபெற்ற ஆராய்ச்சி. அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் நடத்தியது அது. ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று நுரைக்கும் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். கிராமத்தார் மரியாதையுடன் வாங்கிக்கொண்டார்கள். பதிவேட்டில் 'ஏற்றுக்கொண்டோர்' என்ற எண்ணிக்கை வளர்ந்தது. ஆனால் இந்தக் கிராமங்களின் பிறப்பு விகிதம், மாத்திரை வழங்கப்படாத கிராமங்களின் விகிதத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. வாங்கியவர்கள் பலர் அதைப் பயன்படுத்தவேயில்லை. வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது பண்பன்று என்று வாங்கி வைத்துக்கொண்டவர்களும் இருந்தனர். பின்னர் 1970-களில் அக்கிராமத்தாரைக் கண்டு பேசிய மஹ்மூத் மம்தானி என்ற ஆராய்ச்சியாளர், வயலில் உழைக்கவும் முதுமையில் தாங்கவும் பிள்ளைகள் தேவை என்று அவர்கள் தெளிவாகவே கருதியிருந்ததை எடுத்துக் காட்டினார். மாத்திரை எத்தனை கொடுத்தாய் என்று கேட்ட பதிவேட்டில், உனக்கு அது வேண்டுமா என்ற கேள்விக்குப் பத்தி இல்லை.

வளையம் தந்த பாடம்

1965-ஆம் ஆண்டில் 'லிப்பிஸ் லூப்' என்னும் கருப்பை வளையம் வந்தது. விலை மலிவு, ஒரு முறை பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் பயன்படும், கான்பூரிலேயே உற்பத்தியும் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே தனியாகக் குடும்பக் கட்டுப்பாட்டு இலாகா ஒன்று அமைக்கப்பட்டது. 1966-67-இல் பொருத்தப்பட்ட வளையங்கள் 9 இலட்சத்துக்கு மேல். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 5 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது.

வளையத்தில் குற்றம் இருந்ததால் மட்டும் இப்படி நேரவில்லை. வளையம் பொருத்திய பின் சில மாதங்களுக்கு உதிரப்போக்கு மிகுதியாக இருக்கக்கூடும். முன்பே இரத்தச் சோகையால் வாடும் பெண்ணுக்கு அது சிறிய தொல்லையன்று. இப்படி நேரலாம், நேர்ந்தால் இன்ன இடத்திற்கு வா, வேண்டாமென்றால் எடுத்து விடுகிறோம் என்று பொருத்துவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். பின்னர் போய் விசாரித்திருக்க வேண்டும். ஆனால் பணம் தரப்பட்டது பொருத்துவதற்கு, விசாரிப்பதற்கன்று. அல்லலுற்ற பெண் தன் அண்டை வீட்டாரிடம் சொன்னாள். அவள் சொன்னது பல கிராமங்களைச் சுற்றிப் பரவும்போது வளர்ந்தது. அதை வதந்தி என்று அதிகாரிகள் அழைத்தனர். வதந்தியின் விதையில் உண்மை இருந்தது.

ஆண்களுக்கான அறுவை சிகிச்சையோ முதலில் நல்ல வரவேற்பைப் பெற்றது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை நடத்திய ஆர். ஏ. கோபாலஸ்வாமி, பின்னர் சென்னை இராஜ்யத்தின் தலைமைச் செயலராக இருந்தபோது இந்த முறையை ஊக்கத்துடன் பரப்பினார். அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்குச் சிறு தொகை வழங்கும் வழக்கமும் அங்கே ஐம்பதுகளிலேயே ஏற்பட்டது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 1971 ஜூலையில் திருவிழாவைப்போல் ஒரு முகாம் நடைபெற்றது. ஒரே மாதத்தில் 63,418 ஆண்கள் அறுவை செய்துகொண்டனர். நல்ல ஏற்பாடு, தேர்ந்த மருத்துவர்கள், பரிசுப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து அந்த வெற்றியைத் தந்தன. ஆனால் அந்த எண்ணிக்கை வேறொரு தீமைக்கும் வித்திட்டது. இவ்வளவு செய்ய முடியுமென்றால் எல்லா மாவட்டங்களும் ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணம் மேலிடங்களில் வேரூன்றியது.

1976

1974-இல் புகாரெஸ்டு நகரில் நடந்த உலக ஜனத்தொகை மாநாட்டில் நம் நாட்டின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் கரண் சிங், அபிவிருத்தியே சிறந்த கருத்தடை என்னும் கருத்தை வலியுறுத்தி உலகின் கவனத்தைக் கவர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1976 ஏப்ரல் 16-ஆம் தேதி, அவரே வெளியிட்ட தேசிய ஜனத்தொகைக் கொள்கை அறிக்கை, கல்வியும் அபிவிருத்தியும் பலன் தரும்வரை காத்திருக்க இயலாது என்ற நிலையை எடுத்தது. கட்டாய அறுவைக்குச் சட்டம் இயற்ற விரும்பும் மாநிலங்களுக்கு அதில் இடம் தரப்பட்டது. பெண்ணின் திருமண வயதை 18 ஆக உயர்த்தும் நல்ல யோசனையும் அதே அறிக்கையில்தான் இருந்தது; அதைக் கவனிக்க அப்போது யாருக்கும் பொழுதில்லை.

அவ்வாண்டு நெருக்கடி நிலை அமலில் இருந்தது. 43 இலட்சம் அறுவைகள் என்பது இலக்கு. நடந்தவை 82 இலட்சத்துக்கு மேல். அவற்றுள் ஏறத்தாழ 62 இலட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. இலக்கு மாநிலத்திலிருந்து மாவட்டத்திற்கும், மாவட்டத்திலிருந்து தாலூகாவுக்கும், அங்கிருந்து கிராமக் கணக்கருக்கும் காவலருக்கும் ஆசிரியருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. இத்தனை பேரைக் கொண்டுவராவிட்டால் சம்பளம் இல்லை என்று பல மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களிடம் சொல்லப்பட்டது. பலருக்குச் சம்பளம் நிறுத்தியும் வைக்கப்பட்டது. ஹரியானாவில் உத்தாவர் என்னும் கிராமத்தைக் காவலர்கள் சூழ்ந்து ஆண்களைப் பிடித்துச் சென்றனர். உத்தரப் பிரதேசத்தில் முஜாபர்நகரில் எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பின்னர் விசாரணை செய்த ஷா கமிஷன், அறுவையைத் தொடர்ந்து நேர்ந்த மரணங்கள் 1,774 என்று பதிவு செய்தது. திருமணமாகாதவர்களுக்கும் அறுவை செய்ததாக வந்த புகார்கள் 548 என்றும் அது குறித்தது.

ஒரு மாணவனின் தகப்பனை முகாமுக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர், மறுநாள் அதே மாணவனுக்கு எப்படிப் பாடம் சொல்லியிருப்பார்? அந்தக் கேள்விக்கும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

அடுத்த ஆண்டு, 1977-78-இல், மொத்த அறுவைகள் 9½ இலட்சமாகச் சுருங்கின. ஆட்சி மாறியது. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரே 'குடும்ப நலம்' என்று மாற்றப்பட்டது. ஆனால் ஆண்கள் திரும்பி வரவில்லை. அன்று நேர்ந்த அச்சம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. திட்டமும் எதிர்ப்புக் குறைவான வழியைத் தேடிப் பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட தம்பதிகள் 0.3 சதவீதமே. இத்தனைக்கும் இரண்டில் ஆணுக்குச் செய்யும் அறுவையே எளியது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. கத்தியின்றிச் சிறு துளை வழியே சில நிமிடங்களில் முடியும். ஆண்மையோ வலிமையோ குறைவதில்லை. மூன்று மாதங்கள் வரை வேறு சாதனத்தையும் பயன்படுத்தி, பின்னர் விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அதையும் சொல்லாமல் விட்டுப் பிற்பாடு மனைவி கருவுற்று, குடும்பத்தில் வீண் சந்தேகம் புகுவதற்கு இடங்கொடுக்கும் ஊழியர் பெருந்தவறு செய்தவராவார்.

அப்படியாயின் குறைந்தது எதனால்?

இந்த இடர்களுக்கிடையிலும் பிறப்பு விகிதம் குறைந்துதான் வந்திருக்கிறது. ஐம்பதுகளில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஆறு குழந்தைகளைப் பெற்றாள். இந்தச் சராசரி 1992-93-இல் 3.4, 2005-06-இல் 2.7, 2019-21-இல் 2.0. தாய் தந்தை இருவரின் இடத்தை நிரப்பத் தேவையான அளவு 2.1 என்பர். அதற்கும் சற்றுக் கீழே வந்துவிட்டோம்.

கட்டாயம் மிகுந்த மாநிலங்கள் இதில் முந்தவில்லை. கேரளமும் தமிழ்நாடும் முந்தின. கேரளம் எண்பதுகளின் இறுதியிலேயே 2.1-ஐ எட்டிற்று, தமிழ்நாடு சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. உத்தரப் பிரதேசமும் பீஹாரும் பின்தங்கின. 2019-21-இல் பீஹாரின் சராசரி 3.0. அங்கே பத்தாண்டுப் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் நூற்றுக்கு 29 பேர். கேரளத்தில் 77 பேர். இருபது முதல் இருபத்து நான்கு வயதுள்ள பெண்களில் பதினெட்டு வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள் பீஹாரில் நூற்றுக்கு 41, கேரளத்தில் 6. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், பள்ளிக்கே செல்லாத பெண் சராசரியாக 2.8 குழந்தைகளையும், பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவள் 1.8 குழந்தைகளையும் பெறுகிறாள். எட்டாம் வகுப்போடு நிற்கவிருந்த ஒரு சிறுமியை அவள் பெற்றோரிடம் பேசி ஒன்பதாம் வகுப்பில் சேர்த்த ஆசிரியரின் பெயர் குடும்ப நலப் பதிவேட்டில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். 1971-இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 129 ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020-இல் அந்த எண் 28. இரண்டு பிள்ளைகள் போதும் என்று பெற்றோர் துணிய வேண்டுமானால், இரண்டும் நிலைக்கும் என்ற உறுதி முதலில் வேண்டும். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதுவது எளிது. தடுப்பூசிப் பெட்டியைப் பனிக்கட்டியுடன் வெயிலில் சுமந்து சென்ற செவிலியே அந்த வாசகத்துக்குப் பொருள் தந்தவர்.

இதை நான் சொல்லும்போது கருத்தடைச் சாதனங்களே வேண்டுவதில்லை என்று கொள்ளலாகாது. விருப்பம் தோன்றிய வீட்டில் சாதனம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1968-இல் தொடங்கிய நிரோத் விநியோகம் இதற்கு நல்ல சான்று. தேயிலை, சோப்பு முதலியன விற்கும் பெரிய கம்பெனிகளின் வண்டிகளிலேயே ஏற்றி, மூன்று கொண்ட பொட்டலம் 15 காசுக்குச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை அனுப்பப்பட்டது. யாரும் யாருடைய பெயரையும் எழுதவில்லை. கேட்டவர் வாங்கிச் சென்றார்.

இதோடு மாணவர் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுவோம். சராசரி 2.0-க்கு வந்துவிட்டதென்றால் ஜனத்தொகை ஏன் இன்னும் பெருகுகிறது? ஒரு கிராமத்தில் முதியவர்கள் 100 பேர், பிள்ளை பெறும் வயதினர் 300 பேர் என்று கொள்வோம். இந்த 300 பேரும் தம்பதிக்கு இரண்டாகவே பெற்றாலும் 300 குழந்தைகள் பிறக்கின்றன. அதே காலத்தில் இறப்பவர் முதியவர் 100 பேரே. முன் தலைமுறை பெரிதாக இருந்ததன் வேகம் இது. ஓடும் ரயிலை நிறுத்த விசையை அழுத்திய பின்னும் அது சற்றுத் தூரம் ஓடித்தான் நிற்கும். 2023-இல் இந்தியா சீனத்தை விஞ்சியது என்று ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் மதிப்பிட்டபோது எழுந்த கூக்குரலில் இந்தச் சிறு கணக்கு பலர் காதில் விழவில்லை. மறுபடியும் கட்டாயச் சட்டம் வேண்டும் என்றவர்களும் அப்போது இருந்தனர். இன்றைய பெருக்கம் பெரும்பாலும் முன்பே பிறந்துவிட்டவர்களால் நேர்வது. அதைத் தண்டனையால் தடுக்க வழியில்லை.

இலக்கு நீங்கிய பின்

டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் அமைந்த நிபுணர் குழு இலக்குகளைக் கைவிடும்படி யோசனை கூறிற்று. 1994-இல் கெய்ரோ மாநாட்டிலும் தனி மனிதரின் விருப்பமும் பெண்களின் ஆரோக்கியமுமே அடிப்படை என்று நாடுகள் ஒப்பின. 1996 ஏப்ரலில் நாடெங்கும் இலக்கு முறை நீக்கப்பட்டது. இனி ஊழியர் தம் பகுதித் தம்பதிகளின் தேவையை விசாரித்து, அதிலிருந்து ஆண்டுத் திட்டத்தைத் தாமே வகுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் நீங்கியது பழக்கத்தில் அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. 'எதிர்பார்க்கப்படும் அளவு' என்ற பெயரில் பழைய இலக்கு பல இடங்களில் திரும்பி வந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த முகாமொன்றில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அம்மாவட்டத்தில் அந்நாட்களில் நடந்த முகாம்களைத் தொடர்ந்து 13 பெண்கள் இறந்தனர். பெரும்பாலும் இளந்தாய்மார்கள், வீட்டில் கைக்குழந்தைகளை விட்டு வந்தவர்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம் முறையை மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டது.

அதே காலத்தில் புதிய சாதனங்களும் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தன. மூன்று மாதத்திற்கொரு முறை போடும் 'அந்தரா' ஊசி ஒன்று. 'சாயா' என்னும் மாத்திரை மற்றொன்று. சாயா நம் நாட்டு விஞ்ஞானத்தின் பயன். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறியப்பட்ட சென்ட்குரோமான் என்னும் பொருளால் ஆனது. அதில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதங்கள் வாரத்திற்கு இரண்டும், பின்னர் வாரத்திற்கு ஒன்றுமாக உட்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறலாம். சில மாதங்களில் நின்றே போகலாம். ஊசியை நிறுத்தினால் மீண்டும் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். முன்பே அறிந்தவள் இதற்கு அஞ்சமாட்டாள். அறியாதவள், கெட்ட இரத்தம் உடலில் தங்கிவிட்டது என்றோ, கருவுற்றுவிட்டோம் என்றோ கலங்குவாள். இரண்டாம் ஊசிக்கு வரமாட்டாள். 1965-இல் வளையத்துக்கு நேர்ந்தது ஊசிக்கும் நேர வேண்டியதில்லை. மேற்சொன்ன ஐந்தாம் ஆய்வின்படி, கருத்தடை முறையொன்றைக் கைக்கொண்ட பெண்களில் 62 சதவீதத்தினருக்கே அதன் பக்க விளைவுகள் எப்போதாவது எடுத்துச் சொல்லப்பட்டிருந்தன. எந்த முறையையும் கைக்கொள்ளாத பெண்களில் 24 சதவீதத்தினரிடமே சுகாதார ஊழியர் ஒருவர் இதைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறார். கருத்தடை என்பது பெண்ணின் காரியம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்று கருதும் ஆண்கள் நூற்றுக்கு 35.

தகுதியுள்ள தம்பதிகள் பதிவேட்டை வைத்திருக்கும் செவிலியரும் ஆஷா ஊழியரும் அதன் ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிப்புகளை எழுதி வரலாம்: பக்க விளைவைச் சொன்ன தேதி, பின்னர் போய் விசாரித்த தேதி, கணவனோடு பேசிய தேதி. ஊசி போட்ட வீட்டுக்கு முதல் மாத முடிவிலேயே ஒரு முறை சென்று வருவது நல்லது. ஏனெனில் பெண்ணின் ஐயம் மூன்றாம் மாதம் வரை காத்திருப்பதில்லை. அதற்குள் அண்டை வீட்டார் ஒரு விடை சொல்லியிருப்பார்கள்.